மூவர் உடன்படிக்கை

2 அக்டோபர் 2018, செவ்வாய்

மூன்றாம் ஆண்டுக்கு முதல் வகுப்பு. பாடம் அதேதான்: சர்வதேச உறவுக் கொள்கைகள், ஓர் ஒப்பீடு. முகங்கள் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மந்தமாகிக்கொண்டே வருகின்றன.

"நாடுகள் ஏன் சண்டை போடுகின்றன?" என்று கேட்டேன். பின்வரிசையிலிருந்து ராக்கான் என்ற பையன், "டாக்டர், பரீட்சைக்கு எது வரும்னு சொல்லிடுங்க. அதுக்கு மட்டும் நாங்க சண்டை போட்டுக்கறோம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

"உங்கப்பா கர்னலா இருந்தவர்னு பேர் சொல்லும்போதே சேர்த்துச் சொன்னியே. எதிரி எந்தப் பக்கம் வருவான்னு அவரும் முன்கூட்டியே கேட்டு வாங்கிட்டுத்தான் போவாரா?" என்றேன்.

இப்போது சிரிப்பு அவன் பக்கம் திரும்பியது. காது மடல் சிவந்துவிட்டது. வீட்டுக்கு வரும்வரை எனக்கு அது தித்தித்தது.

9 அக்டோபர்

பாடத்தை மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். எங்களில் மூத்தவரான முந்திருக்கு யதார்த்தவாதம். வேறு யாருக்குப் பொருந்தும் அது? நான் இங்கே சேர்ந்த நாள் முதல் அதே பழுப்பு கோட்டு, அதே வாக்கியம்: "மேல போலீஸ் இல்லாத ஊர் இந்த உலகம். அவனவன் கதவுக்கு அவனவன்தான் பூட்டு." எனக்குத் தாராளவாதம் — வணிகம், அமைப்புகள், ஒப்பந்தங்கள். மறுபடி மறுபடி முகம் பார்க்க வேண்டியவர்கள் ஏமாற்றத் தயங்குவார்கள் என்பது. புதிதாக வந்திருக்கும் அர்வாவுக்குக் கட்டுமானவாதம். பகையும் நட்பும் கூடப் பிறந்தவை அல்ல, நாடுகள் பேசியும் பழகியும் அவற்றை உண்டாக்கிக்கொள்கின்றன என்பது.

அர்வா ஏமன்காரி. தைஸ் நகரம். முப்பத்தொரு வயது. அப்பாவும் அவளுமாக இங்கே அம்மான் நகரத்தில், சுவைலிஹ் பகுதியில் ஒரு கீழ்த்தளத்தில் இருக்கிறார்கள். வேலை ஒப்பந்தம் இருக்கும்வரைதான் இருவருக்கும் இங்கே தங்க அனுமதி.

தேநீர் நேரத்தில் முந்திர் அவளைச் சீண்டினார். "பேசிப் பழகினா நட்பு வரும்ங்கற. உங்க ஊர்ல ரெண்டு பக்கமும் ஒரே ரொட்டிக்கடையில நின்னவங்கதானேம்மா? அப்புறம் ஏன் சுட்டுக்கறாங்க?"

"பேச்ச நிறுத்தினதுக்கு அப்புறம்தான் சார் சுட்டாங்க" என்றாள்.

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இவளுக்கு வாய் இருக்கு!"

இத்தனை ஆண்டில் என்னைப் பார்த்து அப்படி ஒன்று சொன்னதில்லை அந்த மனுஷன்.

12 நவம்பர்

டீன் ஃபவ்வாஸ் கூட்டம் போட்டார். தேன் தடவிய குரல். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று அவர் ஆரம்பித்தால் யாரோ தெருவுக்குப் போகப்போகிறார்கள் என்று அர்த்தம். வரும் ஆண்டு எங்கள் துறையில் ஓர் இடம் குறையுமாம். துறைத் தலைவரும் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலியும் காலி. ஐந்து பேரில் இருவர் டீனுக்குச் சொந்தம். அவர்களை யாரும் தொட முடியாது. ஆக, முந்திர், அர்வா, நான் — இதில் ஒருவர்.

எனக்கு நாற்பத்தெட்டு. இந்த ஊரில் இந்த வயதுப் பெண்ணை யார் புதிதாக வேலைக்கு எடுப்பார்கள்? லுவைப்தாவில் இந்த வீடு, இந்தப் பால்கனி, நான் தனியாக வாழ்வதைப் பற்றி வாய்திறக்காத என் தம்பி — எல்லாம் அந்தச் சம்பளத்தின்மேல் நிற்கின்றன.

20 நவம்பர்

நான்தான் யோசனை சொன்னேன். ஆசிரியர் அறையில் கதவைச் சாத்திவிட்டு மூவரும் உட்கார்ந்தோம். மைரமிய்யா இலை போட்டு அர்வா தேநீர் வைத்தாள்.

மூவரும் வகுப்புகளைக் குறைத்துக்கொண்டு, இருக்கிற வேலையைப் பங்கிட்டுக்கொள்வோம். யாரும் தனியாக டீனிடம் போகக் கூடாது. யாரையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒருவரைத் தள்ளினால் மூவரும் போவோம். பரீட்சைக் காலத்தில் மூன்று பேர் போனால் டீனுக்குத்தான் தலைவலி.

"அழகா இருக்கு அம்மணி" என்றார் முந்திர். "முதல்ல ஒருத்தர் ஓடுற வரைக்கும்."

"நீங்கதான் ஓடுவீங்க அபூ லைத். உங்க கொள்கையே அதுதானே?" என்றேன். மகன் பேரை வைத்து முந்திரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"உலகம் எப்படி நடக்குதுன்னு சொல்றதுதான் என் கொள்கை. நான் எப்படி நடப்பேன்னு அதுல எங்க சொல்லியிருக்கு? நான் கை குடுத்தா குடுத்ததுதான்."

கை கொடுத்தார். மரக்கட்டை மாதிரி கை. அர்வா எங்கள் இரண்டு கைகளின்மேலும் தன் கையை வைத்தாள். கண் கலங்கியிருந்தது. அசட்டுப் பெண்.

என்றாலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வகுப்பில் சொல்வதை வாழ்க்கையில் ஒரு தடவை செய்தும் காட்டியாயிற்று.

16 டிசம்பர், ஞாயிறு

ஸ்வீடனில் ஏமன் தரப்புகள் கையெழுத்திட்டிருக்கின்றன. துறைமுக நகரம் ஹுதைதாவில் சண்டை நிறுத்தம், கைதிகள் பரிமாற்றம். அர்வா காலையிலிருந்து தரையில் நிற்கவில்லை. மிட்டாய் வாங்கி வந்து எல்லார் மேசையிலும் வைத்தாள்.

"நிக்கும்னு நெனக்கறீங்களா அக்கா?"

"மத்தியஸ்தம் இருக்கு, கண்காணிப்பு இருக்கு. நிக்கும். இதையே பயிற்சியா வை அர்வா. 'இந்த ஒப்பந்தம் நிலைக்குமா? மூன்று கொள்கைகளின் வழியாக விடை சொல்க.' புத்தக உதாரணம் எவனுக்கும் உறைக்க மாட்டேங்குது. உன் ஊரையே எடு."

முந்திர் செய்தித்தாளை மடித்தார். "வேணாம். முடிஞ்சுபோன சண்டைய எடுங்க. இதுல நம்ம நாடும் ஒரு பக்கம் நிக்குது. நாளைக்கு எவனாவது கிளப்பிவிடுவான்."

"பாடத்துக்குப் பொறுப்பு நான். நான் சொல்றேன், வை" என்றேன்.

அவர் முகத்துக்கு நேரே அதைச் சொல்வதில் ஒரு சுகம் இருந்தது. மறுக்க மாட்டேன்.

18 ஜனவரி 2019, வெள்ளி

அர்வா வீட்டில் சாப்பாடு. கொதிக்கிற கல்சட்டியில் சல்தா என்ற கறிக்குழம்பு, மேலே வெந்தய நுரை, கிழித்துத் தோய்க்க ரொட்டி. நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

அவள் அப்பா முக்பில் தைஸில் மருந்துக்கடை வைத்திருந்தவர். கடைத்தெருவே போர்முனையாகிவிட்டதாம். இரண்டு குல்லாய், இரண்டு சால்வை, கணப்பு அடுப்பின் மடியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார். "உங்க அம்மான் ஊருக்குக் குளிர் வரும்னு எவனும் சொல்லலையே தங்கச்சி! குண்டு விழுந்தா ஓடலாம். குளிர் விழுந்தா எங்க ஓடறது?"

"சண்டை நடந்தப்ப கடைய எப்படி நடத்தினீங்க?" என்று கேட்டேன்.

"காலைல ஒரு கட்சிக்காரன் வருவான், சாயங்காலம் இன்னொரு கட்சிக்காரன். ரெண்டு பேரும் தலைவலி மாத்திரைதான் கேட்டான். கொள்கையப் பத்தி ஒருத்தனும் பேசல."

அர்வா விழுந்து விழுந்து சிரித்தாள். கிளம்பும்போது அவர் வாசல்வரை வந்தார். "இவ தினமும் உங்களப் பத்தித்தான் பேசறா. எங்களுக்கு இந்த ஊர்ல மனுஷங்கன்னா நீங்கதான்" என்றார்.

இப்படிச் சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். ஏன் என்று தெரியவில்லை.

11 பிப்ரவரி

அர்வா அந்தப் பயிற்சியை நடத்தினாள். கடைசி வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். நன்றாகவே நடத்தினாள், என்னைவிட நன்றாக. எழுதி வைக்கிறேன், யார் படிக்கப் போகிறார்கள்?

ஒரு பெண் சொன்னாள்: யதார்த்தவாதப்படி நிலைக்காது, துறைமுகத்தை விட்டவன் பலமிழப்பான், அடுத்தவன் ஆயுதத்தைக் கீழே வைப்பான் என்று எப்படி நம்புவான்? இன்னொருவன்: தாராளவாதப்படி நிலைக்கும், சோறு அந்தத் துறைமுகம் வழியாகத்தான் வருகிறது, இருவருக்கும் பசிக்கும். அர்வா கேட்டாள்: "சரி, ஒருத்தர ஒருத்தர் என்ன பேர் சொல்லிக் கூப்பிடறாங்க? 'சகோதரன்'னா, 'கூலிப்படை'ன்னா? அந்தப் பேர் மாறாம ஒப்பந்தம் மட்டும் மாறுமா?"

வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. ராக்கான் எழுந்தான். "ஏமன்ல குண்டு போடற கூட்டணியில நம்ம நாடும் இருக்கே, டாக்டர். அப்ப நம்மள என்ன பேர் சொல்லிக் கூப்பிடறாங்க உங்க ஊர்ல?"

அர்வா தயங்கினாள். "அது ஆளப் பொறுத்தது" என்றாள்.

அவன் உட்கார்ந்தான். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

26 பிப்ரவரி

புகார். ராக்கானின் அப்பாவே டீனுக்கு நேரில் வந்து கொடுத்தாராம். "வெளிநாட்டுப் பெண் ஒருத்தி நம் பிள்ளைகள் முன்னால் நம் ராணுவத்தை அவமதித்தாள்."

அர்வா சிரித்தாள். "நீங்கதானேக்கா வைக்கச் சொன்னீங்க? டீன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுது."

ஆமாம் என்றேன்.

27 பிப்ரவரி

ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது. யாருக்கு முடிந்தது?

3 மார்ச்

டீன் அறையிலிருந்து முந்திர் தனியாக வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

தனியாகப் போகக் கூடாது என்று பேசியிருந்தோம். மரக்கட்டைக் கையால் சத்தியம் செய்த ஆள்! என்ன சொல்லியிருப்பார்? 'அந்தப் பயிற்சிக்கு அனுமதி கொடுத்தது ருதைனாதான்' என்று சொல்லியிருப்பார். வேறு என்ன? நானாக இருந்தால்...

ஒரு நாட்டின் எண்ணத்தை இன்னொரு நாடு அறிய முடியாது. ஆகவே மோசமானதையே எதிர்பார்த்து நடக்கும். இதை அவர் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் நான் உதட்டைச் சுழிப்பேன்.

5 மார்ச்

டீன் கூப்பிட்டார். ஏலக்காய்க் காப்பி. "சகோதரி, ஒரே ஒரு கேள்விதான். அந்தப் பயிற்சி உங்க அனுமதியோடதான் நடந்துச்சா?"

கோப்பையைக் கையில் எடுத்தேன்.

"ஆமான்னா ரெண்டு பேரும் பொறுப்பாயிடுவீங்க. பதினாறு வருஷம் வேலை பாத்தவங்க, எனக்குக் கஷ்டமா இருக்கும். இல்லைன்னா... தலைவர் நாற்காலிக்கு நான் மேலிடத்துல உங்க பேரத்தான் சொல்லியிருக்கேன்."

"முந்திர் வந்தாரா?"

"எல்லாரும் வருவாங்க சகோதரி. குடும்பம்தானே."

காப்பியைக் குடித்து முடித்தேன். கோப்பையைத் தட்டில் வைத்தேன். "வகுப்புக்கு முன்னாடி நான் அதைப் பாக்கவே இல்ல. அவளா வச்சது" என்றேன்.

அவ்வளவுதான். சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்திருந்தேன்! தும்மல் மாதிரி வந்துவிட்டது.

6 மார்ச்

அவள் சின்னப் பெண். படித்தவள். எங்கேயும் பிழைத்துக்கொள்வாள். எனக்கு என்ன இருக்கிறது?

புகார் விசாரணையின்போது அக்காவும் இருப்பாங்களா என்று அர்வா கேட்டாள். இருப்பேன் என்றேன். "அப்ப எனக்கு பயமில்ல."

அவளுக்குக் கொஞ்சமாவது பயம் இருந்திருக்கலாம். ஒரு ஆளை இப்படியா நம்புவார்கள்? தன் நாட்டிலேயே பார்த்துவிட்டு வந்தவள்தானே?

17 மார்ச்

இதை முழுவதுமாக எழுதிவிடுகிறேன். எழுதினால் தூக்கம் வரும்.

விசாரணைக் குழுவில் டீனும் வேறு துறைக்காரர்கள் இருவரும். ஒவ்வொருவராகத்தான் கூப்பிட்டார்கள். அர்வாவை முதலில் விசாரித்து வெளியே அனுப்பிவிட்டார்கள். பாடத்துக்குப் பொறுப்பான நான் அனுமதித்தேன் என்று சொன்னாளாம். 'நான் பார்க்கவில்லை' என்று நான் முன்பே சொல்லியிருந்ததை அவளிடம் யாரும் சொல்லவில்லை. அடுத்தது முந்திர். அவர் இருக்கும்போதே என்னையும் உள்ளே அழைத்தார் டீன்.

முந்திர் நின்றுகொண்டே பேசினார். "டிசம்பர்ல ஆசிரியர் அறையில இந்தம்மாதான் அதை வைக்கச் சொன்னாங்க. நான் வேணாம்னேன். 'பாடத்துக்குப் பொறுப்பு நான்'னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல."

"இதைத்தான் அன்னிக்கு வந்தப்பவும் சொன்னீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"அன்னிக்கு இதைப் பத்திப் பேசவே இல்ல. ஒருத்தரத் தள்ளினா மூணு பேரும் போறோம்னு சொல்ல வந்தேன். எங்களுக்குள்ள பேச்சு அது. டீனுக்குத் தெரியும், கேளுங்க."

டீன் காகிதத்தைப் பார்த்தார்.

அப்படியானால் அந்த மனுஷன் தனியாகப் போனது எங்களுக்காகவா? எனக்காகவுமா? அந்த நொடியில் 'ஆமாம், நான்தான்' என்று சொல்லியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது.

"டாக்டர் ருதைனா?" என்றார் டீன்.

"அவர் சொல்றது பொய்" என்றேன். அது போதவில்லை என்று தெரிந்தது. முந்திர் இங்கே பதினெட்டு ஆண்டில் ஒரு பொய்யும் சொல்லாத ஆள் என்று குழுவில் இருந்த மூவருக்குமே தெரியும். அப்போது — எங்கிருந்து வந்தது அது? நான் யோசிக்கவே இல்லை — தலையைக் குனிந்துகொண்டு, "அவருக்கு என்மேல கோபம். அது பழைய விஷயம். பொம்பளையா நான் அதை இங்க பேச விரும்பல" என்றேன்.

பழைய விஷயம் என்று ஒன்று இல்லை. ஒரு நாளும் ஒரு சொல்லும் தப்பாகப் பேசியதில்லை அவர். என் கோட்டைக்கூட எடுத்துக் கொடுத்ததில்லை.

மூன்று ஆண்களும் மேசையைப் பார்த்தார்கள். முந்திர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்ப்பார் என்று நினைத்தேன். வகுப்பில் ஒரு மாணவன் எதிர்பாராத விடை சொன்னால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார்.

"சரி" என்றார். "இது எனக்குத் தோணல." வெளியே போய்விட்டார்.

1 ஏப்ரல்

முடிவு வந்தது. அர்வாவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. முந்திருக்குக் கட்டாய ஓய்வு, "துறையின் கண்ணியம் கருதி." பொறுப்புத் தலைவர் நான்.

டீன் கைகுலுக்கினார். "ஒண்ணு கேட்டேன் சகோதரி, ரெண்டு கிடைச்சுது" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதுதான் நடந்தது, நானும் சிரித்தேன்.

2 ஏப்ரல்

நடைபாதையில், எல்லார் முன்னாலும், அர்வா முந்திரை மறித்துக்கொண்டாள். புகார் வந்த பிறகு டீனிடம் முதலில் தனியாகப் போனவர் அவர்தான் என்று அவளுக்குச் சொன்னது யார்? நான்தான். பொய்யும் இல்லையே, போனாரே.

"என் ஊர் செத்துக்கிட்டிருக்கு சார்! அதுல இருந்து உங்களுக்கு ஒரு நாற்காலி செஞ்சுக்கப் பாத்தீங்களா? அதுவும் கிடைக்கல பாருங்க! த்தூ! நீங்க சொல்லிக்குடுக்கறது கொள்கை இல்ல, உங்க புத்தி!"

மாணவர்கள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அவர் அவளைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

"உங்க அக்காகிட்ட கேளும்மா" என்றார்.

அர்வா என் பக்கம் திரும்பினாள். முகம் முழுக்க ஈரம். "என்னக்கா சொல்றாரு?"

அவ்வளவு பெரிய நடைபாதை. அவ்வளவு பேர்.

"பதற்றத்துல என்னமோ சொல்றாரு. நீ வா" என்று அவள் தோளை அணைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். தண்ணீர் கொடுத்தேன். அவளுக்கு வேண்டி நான்கு இடங்களுக்குப் போன் செய்வதாகச் சொன்னேன். ஒரு இடத்துக்குச் செய்தேன்.

20 மே

நோன்பு. வெயிலில் தலை சுற்றுகிறது. அர்வாவை எங்கும் எடுக்கவில்லை. புகாரைப் பற்றிக் கேள்விப்பட்டதும் போனை வைத்துவிடுகிறார்களாம். தங்கும் அனுமதி ஜூலையோடு முடிகிறது. அவள் அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறதாம். நோன்பு திறக்க வீட்டுக்குக் கூப்பிட்டாள். வேலை இருக்கிறது என்றேன்.

வேலை இருக்கத்தான் செய்கிறது. தலைவரின் மேசை பெரிது. அதன் இழுப்பறை ஒன்று திறக்க மாட்டேன் என்கிறது.

17 ஜூன்

முந்திர் புத்தகங்களை எடுத்துப்போக வந்தார். பழுப்பு கோட்டு இல்லை. சட்டையில் ஆள் சிறுத்துத் தெரிந்தார். கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு வாசற்படிக்கு வெளியே நின்றார். என்னோடு தனியாக ஓர் அறையில் இருக்கக் கூடாது என்று! எனக்குச் சிரிப்பு வந்தது. வந்ததா? ஏதோ வந்தது.

"என் பொண்டாட்டி கேட்டா" என்றார். "'அந்தம்மாவ அப்படி என்னதான் பண்ணீங்க'ன்னு. இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவ. நான் என்ன சொல்லட்டும்?"

"ஒண்ணும் நடக்கலன்னு சொல்லுங்க."

"சொன்னேன். நம்பல. தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா."

பெட்டியைத் தூக்கினார். கனம் தாங்காமல் திரும்பக் கீழே வைத்தார். நான் உதவவில்லை, அவர் கேட்கவும் இல்லை. பாதிப் புத்தகங்களை விட்டுவிட்டுப் போனார்.

மாலையில் ஆள் வைத்து அவற்றைக் கீழ்க்கிடங்குக்கு அனுப்பினேன். என் அலமாரிக்கு இடம் வேண்டியிருந்தது.

9 ஜூலை

விமான நிலையத்துக்கு நானே காரில் கொண்டுபோய் விட்டேன். தெற்கு ஏமனில் இருக்கும் ஏடனுக்கு விமானம். தைஸுக்கு நேராகப் போக வழியில்லை. ஏடனில் யாரோ உறவினர் வீட்டில் இருக்கப் போகிறார்கள். முக்பில் சால்வை இல்லாமல் வந்திருந்தார். "அங்க வேணாம். அங்க எரியும்" என்றார். மூச்சுக்கு நடுவே நின்று நின்றுதான் சொன்னார்.

அர்வா கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "அந்தாள் மட்டும் இல்லேன்னா அக்கா... நீங்க எனக்காக எவ்வளவு போராடினீங்க! அப்பா தினமும் தொழுகையில உங்களுக்கு துஆ கேக்கறார்."

"போய்ச் சேந்ததும் செய்தி அனுப்பு" என்றேன்.

திரும்பி வரும்போது பாலைவனச் சாலையில் காரை ஓரம் கட்டினேன். அழுகை வரும் என்று நினைத்தேன். ஜன்னலை இறக்கினேன், காத்திருந்தேன். பசித்தது. ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

11 ஆகஸ்ட், பெருநாள்

ஏடனில் சண்டை. ஒரே கூட்டணியில் இருந்தவர்களே ஒருவரை ஒருவர் சுடுகிறார்கள். வடக்கத்திக்காரர்களை, தைஸ்காரர்களை, லாரியில் ஏற்றி நகரத்துக்கு வெளியே துரத்துகிறார்களாம். தொலைக்காட்சியில் ஒரு கிழவர் மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். முக்பில் இல்லை. முக்பில் அவ்வளவு உயரமில்லை.

அர்வாவின் போன் அணைந்திருக்கிறது. இரண்டு தடவை அடித்தேன். இரண்டாவது தடவை மணி அடிக்காததில் எனக்கு என்ன தோன்றியது என்று எழுத மாட்டேன்.

தம்பி வீட்டில் ஆட்டுக்கறி. நன்றாகச் சாப்பிட்டேன். தலைவர் ஆனதற்குத் தம்பி மனைவி புதுப் பை ஒன்று பரிசு கொடுத்தாள்.

28 ஆகஸ்ட்

செய்தி இல்லை.

15 செப்டம்பர், ஞாயிறு

காலையில் போனைத் திறந்தால் அர்வாவிடமிருந்து குரல் செய்தி வந்திருந்தது. புதிய எண். நீளமானது. ஆரம்பத்தில் காற்றுச் சத்தம், பிறகு "அக்கா, அப்பா..." என்றாள். நிறுத்திவிட்டேன். பத்து மணிக்குத் துறைக் கூட்டம் இருந்தது. பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

கூட்டம் நன்றாகவே நடந்தது. டீன் சீக்கிரம் போய்விட்டார். முந்திரின் பாடத்தை எடுக்கப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், ஹதீல் என்று. இர்பிது ஊர்க்காரி, கெட்டிக்காரி. எல்லாரும் போன பிறகும் உட்கார்ந்திருந்தாள். கோப்பையில் எனக்குத் தேநீர் ஊற்றினாள். கிடங்கில் கிடந்த அவருடைய புத்தகங்களைப் பார்த்தாளாம். ஓரமெல்லாம் அவர் கையெழுத்தில் குறிப்புகள், அவ்வளவு நுணுக்கமாக இருக்கின்றனவாம்.

"அவர் எப்படிப்பட்டவர் டாக்டர்? நேர்ல போய்ப் பாக்கலாம்னு இருக்கேன்."

தேநீரில் சர்க்கரை கூட. ஆனாலும் குடித்தேன்.

"படிச்ச மனுஷன்தான்" என்றேன். "ஆனா நம்பக்கூடாத ஆளும்மா. பொண்ணுங்க தனியாப் போய்ப் பாக்கற மாதிரி ஆள் இல்ல."

அவள் முகம் மாறியது. "நல்லவேளை, உங்ககிட்ட கேட்டேன்" என்றாள்.

குரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை எனக்கு. நாளை மூன்றாம் ஆண்டுக்கு முதல் வகுப்பு.